சாவி சரி, இருப்பு பூஜ்யம்: ஒரு பிட்காயின் வாலட்டுடன் ஆறு ஆண்டுகள்

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் போன வாரம் தொலைபேசியில், "பிரைவேட் கீயை எழுதி வெச்சிருந்தா போதுமில்லீங்களா, கம்ப்யூட்டரே போனாலும் காசு போகாதுங்களே?" என்று கேட்டார். ஆமாம் என்று உடனே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிரைவேட் கீ என்பது பிட்காயினைச் செலவழிக்க உரிமை தரும் ரகசிய எழுத்துக் கோவை. வாலட் என்பது அதை வைத்துக்கொண்டு இருப்பைக் காட்டவும் பணம் அனுப்பவும் உதவும் மென்பொருள். ஆறு ஆண்டுகளாக நான் பயன்படுத்தும் வாலட்டைச் சென்ற சித்திரையில் பிரைவேட் கீயைக் கொண்டுதான் மீட்டேன். அதற்கு மூன்று நாள் பிடித்தது.

ஏற்காட்டில் கோடை இடி விழுந்ததில் மடிக்கணினியின் போர்டு கருகியது. பழுது பார்க்கச் சேலத்தில் கொடுத்த கடையில், என்னைக் கேட்காமலேயே பழைய டிஸ்க்கையும் மாற்றிவிட்டார்கள். அதைத் திருப்பிக் கேட்டபோது கிடைக்கவில்லை. வாலட்டை முழுதாக மீட்பதற்கென்று அது தந்திருந்த மீட்புச் சொற்கள் 12-ஐயும் மைப்பேனாவால் ஒரு தாளில் எழுதிப் பீரோவில் வைத்திருந்தேன். மழைக்காலத்தில் மடித்த துணியே பூசணம் பிடிக்கும் ஊர் இது. தாளைப் பிரித்தால் ஏழு சொற்கள் நீலத் திட்டாகப் பரவிக் கிடந்தன. ஒவ்வொரு சொல்லும் 2,048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து வருவது என்பதால், ஏழு சொற்களை ஊகித்துக் கண்டுபிடிக்க வழியே கிடையாது. எஞ்சியது, வேறொரு நோட்டில் பால்பாயின்ட் பேனாவால் எழுதியிருந்த பிரைவேட் கீ மட்டுமே.

வாலட்டைப் புதிதாக இறக்கி, போலியில்லை என்று உறுதிசெய்யக் கோப்பின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகே கீயைத் தட்டச்சு செய்தேன். எல் என்ற ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கும் 52 எழுத்துகள். பூஜ்யம், பெரிய ஓ, பெரிய ஐ, சிறிய எல் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று குழம்பும் என்பதால் இந்த எழுத்து முறையில் அவற்றை முன்யோசனையோடு விலக்கியிருக்கிறார்கள். அந்த அக்கறையை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் கையால் எழுதும்போது சி, கே, எஸ், டபிள்யூ ஆகியவற்றின் பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் உயரம் மட்டுமே வேறுபாடு. எங்கோ ஓர் எழுத்து தவறியிருந்ததால் 'அடுத்து' என்ற பொத்தான் மங்கலாகவே நின்றது. கீயின் கடைசியில் சரிபார்ப்புக்கென்று நான்கு பைட்டுகள் சேர்ந்திருப்பதால் வாலட்டுக்குப் பிழை தெரிந்துவிடுகிறது. பிழை எந்த இடத்தில் என்பது அதற்கும் தெரியாது. முதல் எழுத்து சரி என்று வைத்துக்கொண்டாலும், மீதி 51 இடங்களில் ஒரே ஒரு பிழைக்கு 2,907 வாய்ப்புகள் உண்டு. என் கையெழுத்தில் எவையெல்லாம் குழம்பும் என்று பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்ததில், இரண்டாம் நாள் இரவு, சிறிய யூ என்று நான் படித்துவந்தது சிறிய வீ என்று தெரிந்து பொத்தான் உயிர்பெற்றது.

வாலட் திறந்தது, இருப்பு பூஜ்யம். பரிவர்த்தனைப் பட்டியல் வெறுமையாக இருந்தது. இணைப்பு கிடைத்திருப்பதைக் காட்டும் பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அந்த இரவு நான் உறங்கவில்லை.

2022 ஏப்ரலில் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி வந்தபோது ஆடிட்டருக்காகத் தயாரித்த கணக்குத் தாளில், பிட்காயினைப் பெறும் என் வாலட் முகவரி முழுதாக இருந்தது. காலையில் அதை எடுத்துப் பார்த்தேன். அது பிசி1 (bc1) என்று தொடங்கியது. திரையில் இருந்த முகவரியோ வெறும் 1 என்று தொடங்கியது. 2017 ஆகஸ்டில் செக்விட் என்ற பிட்காயின் மேம்பாடு நடைமுறைக்கு வந்த பின், ஒரே பிரைவேட் கீயிலிருந்து 1, 3, பிசி1 எனத் தொடங்கும் மூன்று வகை முகவரிகளை உருவாக்க முடிகிறது. எந்த வகை என்ற விவரம் கீக்குள் கிடையாது. என் வாலட் அன்று கீயை ஏற்றுமதி செய்தபோது, முன்னால் முகவரி வகையைக் குறிக்கும் 'பி2டபிள்யூபிகேஎச்' (p2wpkh) என்று போட்டு ஒரு முக்காற்புள்ளியும் வைத்துத்தான் கொடுத்தது. அது ஏதோ தலைப்பு என்று எண்ணி, எல்லில் தொடங்கும் பகுதியை மட்டும் நோட்டில் எழுதியிருந்தேன். முன்னொட்டைச் சேர்த்து மறுபடி உள்ளிட்டதும் முகவரி மாறியது. இருப்பு முழுதாக வந்து நின்றது.

வாலட் தவறு செய்யவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். முன்னொட்டு இல்லாத கீயைப் பழைய வகையாக, அதாவது 1 என்று தொடங்கும் முகவரிக்குரியதாகக் கொள்வது ஒரு மரபு. ஓரத்தில் உள்ள 'தகவல்' பொத்தானை அழுத்தினால் மூன்று வகைக்கும் எடுத்துக்காட்டு இருக்கிறது. ஆனால் பூஜ்யம் என்று காட்டுவதற்கு முன், அதே கீயின் மற்ற இரண்டு முகவரிகளையும் தேடிப் பார்த்து, "இங்கே இருப்பு உள்ளது" என்று ஒரு வரி சொல்ல அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? கீயைக் கையில் வைத்துக்கொண்டே பணம் போய்விட்டதென்று நோட்டைக் கிழித்துப் போட்டவர்கள் எத்தனை பேரோ என்று நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

இன்னொன்று, நான் அந்த முகவரியிலிருந்து ஒருமுறைகூடப் பணம் அனுப்பியதில்லை. அனுப்பியிருந்தால், எஞ்சும் மீதித் தொகையை வாலட் தானாகவே வேறொரு முகவரிக்கு மாற்றியிருக்கும். அதற்கான கீ என் நோட்டில் இல்லை.

மீட்ட தொகையை அங்கேயே விட்டுவைக்காமல், ஒரு கீக்குரிய முழுத் தொகையையும் அள்ளி வேறு வாலட்டுக்கு அனுப்பும் ஸ்வீப் வசதியின் மூலம் புதிய மீட்புச் சொற்கள் கொண்ட வாலட்டுக்கு மாற்றினேன். கட்டணம் சிறிதுதான், பரிவர்த்தனைகளைத் தொகுத்துப் பதியும் அடுத்த பிளாக்கிலேயே உறுதியானது. இம்முறை சொற்களைப் பென்சிலால் எழுதியிருக்கிறேன். ஈரத்தில் மை கலைவதுபோல் அது கலையாது. இதைவிட நம்பகமான வாலட்டை நான் கண்டதில்லை, இதையே தொடர்ந்தும் பயன்படுத்துவேன். ஆனால் நண்பருக்கு இதைப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை.

அவருடைய கீக்கு முன்னால் வேறு ஏதாவது எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னேன். நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. "ஒண்ணுமில்லீங்க, கே-ல தான் ஆரம்பிக்குது. ஃபோட்டோ எடுத்து அனுப்பட்டுங்களா?" என்றார். அனுப்பவே கூடாது, யாருக்கும் படம் எடுத்துக் காட்டவும் கூடாது என்று தடுத்தேன். முகவரி எந்த எழுத்தில் தொடங்கும் என்று கேட்டதற்கு, அதை எழுதிவைக்கவில்லை என்றார். சனிக்கிழமை மலையிறங்கி அவர் பட்டறைக்குப் போகிறேன். மூன்று முகவரிகளையும் அங்கேயே உட்கார்ந்து பார்த்துவிடலாம்.