ஒல்லாந்தர் காலத்துப் புகையிலைப் பெட்டி: நகல்தான், ஆனாலும் வாங்கலாம்

திருகோணமலையில் கோணேஸ்வரம் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு கடையில் வாங்கிய பித்தளைப் பெட்டி, 18ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்த (டச்சு) மாலுமிகள் வைத்திருந்த நீளமான புகையிலைப் பெட்டியின் நகல். மூடியில் அதே மாதிரி நாட்காட்டி வெட்டியிருக்கிறார்கள், ஆழம்தான் போதாது, அசலில் உளி ஓடிய தடம் விரலில் தட்டும். பிணைச்சல் அருமை, ஆட்டமே இல்லை. உள்மூலைகளில் பற்றவைத்த ஈயம் தெரிகிறது, என்ன ஈயம் என்று கேட்டால் கடைக்காரர் சிரிக்கிறார், அதனால் புகையிலையை நேரே போடாமல் மெழுகுத் தாளில் சுற்றியே வைக்கிறேன். ஈரப் புகையிலை, சுண்ணாம்பு இரண்டும் வேண்டவே வேண்டாம், எங்கள் கடற்காற்றுக்குச் சும்மா வைத்தாலே பச்சைக் களிம்பு பிடிக்கும். புளி போட்டுத் தேய்த்தால் போய்விடும், அப்புறம் நன்றாகக் கழுவி ஈரம் போகத் துடையுங்கள். நாடகத்துக்கு, அலுமாரியில் வைக்க என்றால் சரி, 'அசல் பழசு' என்று விலையை ஏற்றினால் மட்டும் நடையைக் கட்டுங்கள்.