பப்பி குரூமிங் கிட்: எது தேறும், எது தேறாது

8 வார நாய்க்குட்டி வீட்டுக்கு வரும்போது கூடவே வாங்கப்படுவது ‘பப்பி ஸ்டார்ட்டர் கிட்’ என்ற குரூமிங் (முடி, நகம், பல் பராமரிப்பு) பெட்டி. ஸ்டீல் சீப்பு, ஸ்லிக்கர் பிரஷ் (மெல்லிய கம்பிகள் நெருக்கமாகப் பதித்த பிரஷ்), நகவெட்டி, சின்ன டிரிம்மர், ஷாம்பூ, விரலில் மாட்டும் பல் பிரஷ் என்று எல்லா கிட்டிலும் ஏறக்குறைய இதே சாமான்கள்தான். முடி வெட்டுவதை மனதில் வைத்துத் தயாரித்த பெட்டி இது. குட்டிக்கோ முதல் மாதத்தில் வெட்ட வேண்டிய முடியே அதிகம் இருக்காது. கைபட்டால் பதறாமல் நிற்கப் பழகுவதுதான் அப்போதைய வேலை. அந்தக் கணக்கில் பார்த்தால் பாதிச் சாமான்கள்தான் உடனே பயன்படும்.

முழு மதிப்பெண் ஸ்டீல் சீப்புக்கு. ஒரு பாதி அகலப் பல்லும் மறு பாதி நெருக்கப் பல்லும், நுனி உருண்டையாகவும் இருந்தால் போதும். சிக்கு விழும் இடங்கள் காதின் பின்புறம், அக்குள், கழுத்துப்பட்டை உரசும் இடம், பின்தொடை. நெருக்கப் பல் தோல்வரை தடங்கலின்றி இறங்கினால்தான் சிக்கு போய்விட்டது என்று அர்த்தம்.

மலிவான கிட்டுகள் சறுக்குவது ஸ்லிக்கர் பிரஷில். கம்பி முனை கூராக இருக்கும், அடியில் மெத்தை இருக்காது. குட்டிமேல் வைப்பதற்கு முன் உங்கள் முன்கையின் உட்புறத்தில் இழுத்துப் பாருங்கள். சிவப்புக் கோடு விழுந்தால் ஒதுக்கிவிடுங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இழுத்தால் நல்ல பிரஷ்கூடத் தோலைச் சிராய்க்கும். சிராய்த்த தோல் ஆறிவிடும். பிரஷைக் கண்டாலே ஓடும் பழக்கம் அத்தனை சீக்கிரம் போகாது.

நகவெட்டியில் கத்தரி வடிவம் நல்லது. வளையத்துக்குள் நகத்தை விட்டு வெட்டும் வகை, கூர் மழுங்கியதும் நகத்தை நசுக்கும். சில வெட்டிகளில் வரும் தடுப்புத் தகட்டை நம்ப வேண்டாம், நகத்துக்குள் ஓடும் ரத்த நாளத்தின் நீளம் ஒவ்வொரு நகத்திலும் வேறு. வெள்ளை நகத்தில் இளஞ்சிவப்பு தெரியும் இடத்துக்கு முன்பே நிறுத்துங்கள். கறுப்பு நகத்தைச் சீவல் சீவலாக எடுங்கள், வெட்டிய பரப்பின் நடுவே கரும்புள்ளி தெரிந்தால் அதோடு விடுங்கள். கிட்டில் பெரும்பாலும் இல்லாத அவசியப் பொருள், ரத்தத்தை நிறுத்தும் பொடி. அது கைவசம் இல்லாவிட்டால் சோளமாவை (கார்ன்ஃப்ளோர்) அழுத்திப் பிடிக்கலாம். நாளுக்கு ஒரு நகம் போதும்.

டிரிம்மரை முதலில் ஓசைக்குப் பழக்கும் கருவியாக மட்டும் எடுங்கள். அணைத்த நிலையில் மோந்து பார்க்க விடுங்கள். பிறகு அறையின் மறுகோடியில் ஓட விட்டுத் தீனி கொடுங்கள். அது பழகியபின் பிளேடு படாமல், டிரிம்மரின் பின்பக்கத்தைத் தோளில் ஒரு நொடி வையுங்கள்.

எந்தச் சாமானானாலும் வரிசை ஒன்றுதான்: தொடுதல் முதலில், தீனி அடுத்து. வரிசை மாறினால் தீனியே ‘இப்போது பிடிக்கப் போகிறார்கள்’ என்ற எச்சரிக்கையாகிவிடும். காது, பாதம், விரலிடுக்கு, வால், உதட்டின் உட்புறம் என்று ஒரு தடவைக்கு 2 நிமிடம், நாளுக்கு 2 அல்லது 3 தடவை. தூக்கக்கலக்கம் இல்லாமலே கொட்டாவி, உதடு நக்கல், முகம் திருப்பல், உடல் விறைப்பு இவையெல்லாம் ‘போதும்’ என்று சொல்லும் விதம். உறுமலுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

ஷாம்பூ நாய்களுக்கானதாக இருந்தால் சரி. குளிப்பாட்டும் முன் சீவிவிடுங்கள், நனைந்த சிக்கு இறுகிப்போகும். வெதுவெதுப்பான தண்ணீர், முகத்துக்கு ஈரத்துணி. தொட்டியில் விரிக்க ரப்பர் பாய் கட்டாயம், கால் வழுக்குவதே பல குட்டிகளுக்குக் குளியல் பயத்தைக் கிளப்புகிறது.

‘தடுப்பூசி எல்லாம் முடியட்டும், பிறகு வெளியே காட்டலாம்’ என்ற பழைய அறிவுரையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். புதியவற்றைக் குட்டிகள் எளிதாக ஏற்கும் பருவம் ஏறக்குறைய 3 முதல் 14 வாரம் வரை. குட்டிப்பருவத் தடுப்பூசியின் கடைசித் தவணையோ 16 வாரத்திலோ அதற்குப் பிறகோதான் வரும். முதல் தவணை போட்டு 7 நாள் ஆகி, குடற்புழு மருந்தும் கொடுத்திருந்தால், 7–8 வாரத்திலேயே குட்டிகளுக்கான வகுப்பில் சேர்க்கலாம் என்பது அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் சங்கத்தின் நிலைப்பாடு. குட்டிகளின் உயிருக்கே ஆபத்தான குடல்நோயைத் தரும் பார்வோ வைரஸ் தரையில் பல மாதம் தாக்குப்பிடிக்கும் என்பதால், எல்லா நாய்களும் வந்துபோகும் இடத்தில் இறக்கிவிடாமல் தூக்கிக்கொண்டே போங்கள்.

குரூமிங் கடையின் அறிமுக அமர்வு இதே காரணத்துக்காக நல்ல செலவு, கடை அவசரப்படாவிட்டால். 15–20 நிமிடம், மேசைமேல் கொஞ்சம் தீனி, தூரத்தில் டிரையர் ஓசை, நாலு சீவு, ஒரு நகம், அவ்வளவே. முதல் வருகையிலேயே முழுக் குளியலும் கட்டிங்கும் முடித்துத் தருவோம் என்றால் வேறு கடை பாருங்கள். முன்பதிவு செய்யும்போதே இரண்டு கேள்வி கேளுங்கள்: வரும் நாய்களின் தடுப்பூசிச் சான்றைப் பார்க்கிறீர்களா? குட்டியைக் கூண்டில் அடைத்து டிரையர் போடுவீர்களா?