ஹட்சன் கரையில் இரண்டு ஓவியர் வீடுகள்

பழைய வீடு ஒன்றை அருங்காட்சியகமாக்கி, அதற்குள் இன்றைய கலைஞர்களின் படைப்புகளை வைப்பது இப்போது பல ஊர்களில் நடக்கிறது. வைப்பதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும் என்பது என் கட்சி: இந்தப் படைப்புக்கும் இந்த வீட்டுக்கும், இந்த மண்ணுக்கும் என்ன உறவு? உறவு இல்லையென்றால் வெள்ளைச் சுவர் கொண்ட கூடமே போதும். வீட்டைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றின் இரு கரைகளிலும் 2021இல் நடந்த ‘கிராஸ் பாலினேஷன்’ கண்காட்சியில் இந்தக் கேள்விக்கு நல்ல பதில் கிடைத்தது. ஒரு கரையில், கேட்ஸ்கில் ஊரில், ஓவியர் தாமஸ் கோல் வாழ்ந்த மஞ்சள் நிற வீடு. 1815இல் கட்டியது. எதிர்க்கரைக் குன்றின் மேல் அவருடைய மாணவர் ஃபிரெடரிக் சர்ச் எழுப்பிய ஓலானா மாளிகை. இரண்டிலிருந்தும் கேட்ஸ்கில் மலைகள் தெரியும். அந்த மலைகளில் கோடரி விழுவதைக் கண்டு கோல் 1836இலேயே கட்டுரை எழுதி வருந்தினார். 1848இல் அவர் இறந்தபோது வயது 47தான்.

கண்காட்சியின் நடுநாயகம் மார்ட்டின் ஜான்சன் ஹீட் வரைந்த பதினாறு சிறிய ஓவியங்கள். பிரேசிலுக்குப் போய் 1863, 64ஆம் ஆண்டுகளில் ரீங்காரச் சிட்டுகளைத் தேடித் தேடி வரைந்திருக்கிறார். வண்ண அச்சில் நூலாகக் கொண்டுவரும் திட்டம் நிறைவேறவில்லை. ஒவ்வொன்றும் ஓரடி உயரம் இருக்கும். முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தால்தான் தொண்டை இறகின் மினுமினுப்பு பிடிபடும். அவசரப்படுகிறவர்களுக்கு இந்த ஓவியங்கள் எதையும் தராது.

இந்தச் சிட்டுகளுக்கு மறுமொழி சொல்வதுபோல் ஹுவான் ஃபோன்டனீவ் செய்த இயந்திரங்கள் இருந்தன. பழைய பறவை நூல்களின் படங்களை அட்டைகளில் அச்சிட்டு, மோட்டாரால் ஓயாமல் புரளச் செய்திருக்கிறார். அட்டைகள் புரளும் சடசடப்பே சிறகடிக்கும் ஓசையாகிவிடுகிறது. காதால் ரசித்த ஓவியம் இது. கேட்ஸ்கில்லிலேயே வாழும் போர்ஷியா மன்சன் பூக்களை ஸ்கேனர் கண்ணாடி மேல் வட்ட வட்டமாக அடுக்கிப் படமெடுப்பவர். சில படங்களில் பூக்களுக்கு நடுவே செத்த பறவை ஒன்று கிடக்கும். அழகும் இழப்பும் ஒரே வட்டத்துக்குள் இருக்கின்றன. எனக்கு அது பிடித்தது, ஆனால் நெடுநேரம் பார்க்க முடியவில்லை.

இங்கே இன்னொருவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். தந்தை இறந்தபோது கோலின் மகள் எமிலி சிறுமி. வளர்ந்து அவர் தாவரங்களை நீர்வண்ணத்திலும் பீங்கான் பாத்திரங்களிலும் வரைந்தார். அந்தப் பூக்களில் காம்பு எப்படி வளைகிறது, இதழ் எந்த இடத்தில் வாடத் தொடங்குகிறது என்பதெல்லாம் சரியாக இருக்கிறது. தந்தையின் பெயருக்குப் பின்னால் இத்தனை காலம் மறைந்திருந்தவரை இன்றைய படைப்புகளுக்கு அருகில் வைத்தவர்களுக்கு என் நன்றி.

இனி அந்த மரம். ஓலானாவின் புல்வெளியில் நின்று பட்டுப்போன ஹெம்லாக் என்னும் ஊசியிலை மரம் ஒன்றை எடுத்து, பட்டையை உரித்து, தோல் துண்டுகளைப் போர்த்தியிருந்தார் ஜீன் ஷின். படைப்பு வெளியேதான் கிடந்தது, ஆனால் வீட்டுக்குள் பார்த்த அத்தனையும் அதன் பக்கத்தில்தான் எனக்கு முழுமையடைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த மலைகளில் ஹெம்லாக் காடுகளை வெட்டியது பலகைக்காக அல்ல, தோல் பதனிட உதவும் பட்டைக்காக. பட்டையைச் சுமந்து போவதைவிடத் தோலைக் கொண்டுவருவது எளிது என்பதால் தென் அமெரிக்காவிலிருந்தெல்லாம் தோல்கள் இங்கே வந்தன. தொழிற்சாலைகள் காட்டோரம் முளைத்தன. பட்டை உரித்த அடிமரங்கள் பல அங்கேயே மக்கிப்போயின. மிஞ்சிய மரங்களை இன்று ஆசியாவிலிருந்து வந்த ஒரு சிறு பூச்சி சாற்றை உறிஞ்சிக் கொல்கிறது.

வாணியம்பாடியில் தோல் பதனிடும் தொட்டிகளுக்குப் பக்கத்தில் வளர்ந்தவள் நான். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறும் வாடை எங்கள் தெருவின் வாடை. செருப்புக்கும் பைக்கும் பின்னால் ஒரு மரம் உண்டு என்பது எனக்குப் பாடப்புத்தகத்தில் வந்த செய்தி அல்ல. பட்டையை இழந்த மரத்துக்கு, அந்தப் பட்டை எதற்குப் பயன்பட்டதோ அந்தத் தோலையே திருப்பிப் போர்த்திய ஷின்னின் துணிவை வணங்குகிறேன். அந்த மண்ணில் மட்டுமே பொருள் பெறக்கூடிய படைப்பு அது.

இரண்டு வீடுகளில் புதிய படைப்புகளுக்கு ஏற்றது எது? கோலின் வீடு என்பேன். ஓலானாவில் பாரசீகப் பாணி வண்ணக்கோலங்களும் சர்ச் சேர்த்த பொருட்களும் கண்ணை விடாமல் இழுக்கின்றன. புதிய படைப்பு அங்கே போட்டியிட வேண்டியிருக்கிறது. கோலின் அறைகளில் அடக்கம் உண்டு. சுண்ணப்பூச்சுகளுக்கு அடியிலிருந்து 2014இல் வெளிப்பட்ட, அவரே வரைந்த சுவரோரப் பட்டைகள்கூடத் தணிவாகத்தான் பேசுகின்றன.

அந்தக் கண்காட்சி முடிந்துவிட்டது. ஆனால் 2016 முதலே கோலின் வீட்டில் இன்றைய கலைஞர்களுக்கு இடம் தருகிறார்கள். 2019இல் கிக்கி ஸ்மித், கேட்ஸ்கில் ஓடையை மையமாக வைத்துச் செய்தவை அங்கே இருந்தன. போகிறவர்கள் கோல் வீட்டை முதலில் பார்த்துவிட்டு, ரிப் வான் விங்கிள் பாலத்தைக் கடந்து ஓலானாவுக்குப் போங்கள். பாலத்தில் நடைபாதை உண்டு. ஆற்றைப் பார்த்தபடியே கடக்கலாம்.