புது வில் எது வாங்கலாம் என்று கேட்ட நண்பனுக்கு

புது வில் எது வாங்கலாம் என்று நீ கேட்டு மூன்று நாள் ஆகிவிட்டது. அன்றுதான் என் வில்லுக்கு நாணும் கேபிள்களும் மாற்றி எடுத்து வந்திருந்தேன். அந்தச் சூட்டோடு பதில் எழுதியிருந்தால் வசவாகத்தான் வந்திருக்கும். கொஞ்சம் ஆறியதும் எழுதுகிறேன்.

என்னுடையது ஆறு வருடம் உழைத்த காம்பவுண்ட் வில், அதாவது இரு முனையிலும் உருளை வைத்து, முழுக்க இழுத்ததும் கையில் பாரம் குறையும் வகை. எந்த நிறுவனம் என்பது வேண்டாம். நான் சொல்லப்போகும் தொல்லை எந்த வில்லிலும் வரலாம். 60 பவுண்டு இழுவிசை, 28 அங்குல இழுப்பு. இத்தனை வருடத்தில் வளையும் கைகளான லிம்பில் ஒரு கீறல் இல்லை, முனை உருளையான கேம் ஆடவில்லை, 30 கஜத்தில் அம்புகள் உள்ளங்கை அகலத்துக்குள் நிற்கின்றன. இதற்கு மேல் அதனிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். நாணை முழுக்க இழுத்ததும், குறிபார்க்கும் பீப் துளை என் கண்ணைப் பார்க்க வேண்டும்.

அதுதான் பார்ப்பதில்லை. நாண் இழைகளை இரண்டாகப் பிரித்து நடுவில் செருகிய சின்ன வளையம் அது. இழுக்கும்போது நாண் முறுக்கிக்கொண்டால் வளையமும் கூடவே திரும்பும். துளை ஒரு கோடாகச் சுருங்கும், சில நாள் மொத்தமாக மூடிக்கொள்ளும். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு விடியற்காலை, 20 கஜத்தில் ஒரு காட்டுப்பன்றி பக்கவாட்டில் நின்றது. மூச்சை அடக்கி இழுத்தேன். கண்முன்னால் இருட்டு. முந்தின நாள் மாலை நேராக இருந்த அதே பீப்! மெதுவாக நாணைத் தளர்த்துவதற்குள் பன்றி போய்விட்டது. குருட்டாம்போக்கில் விட்டுக் காயப்படுத்தவில்லை என்ற நிம்மதி மட்டும் மிச்சம்.

வைத்தியம் இல்லாமல் இல்லை. நாணின் ஒரு முனையில் அரைச் சுற்று ஏற்றலாம், அல்லது பீப்பின் ஒரு பக்கத்து இழை ஒன்றை மறுபக்கம் மாற்றலாம். ஆனால் இரண்டுக்கும் வில்லைப் பிரெஸ்ஸில் மாட்டி லிம்பை மடக்கி நாணைத் தளர்த்த வேண்டும். பிரெஸ் என்னிடம் இல்லை. ரப்பர் குழாயால் பீப்பை இழுத்துப் பிடிக்கும் வகையும் உண்டு. வெயிலில் காய்ந்து என்றைக்காவது அந்தக் குழாய் அறுந்து முகத்தில் அடிக்கும் என்று எனக்குப் பயம்.

சரி, புது வில்களுக்கு வருவோம். நாண் மாற்றக் கொடுத்த நேரத்தில் நான்கைந்தை இழுத்துப் பார்த்தேன். இப்போது எல்லா நிறுவனத்துக்கும் ஒரே பெருமைதான்: பிரெஸ் இல்லாமலே ட்யூன் செய்யலாம், அதாவது அம்பு நேராகப் போகும்படி சரிசெய்யலாம். பௌடெக்கின் டெட்லாக்கில் ஒரு திருகைத் திருப்பினால் கேம் அச்சில் இடம் வலம் நகர்கிறது. எலைட்டில் லிம்ப் பொருந்தும் பாக்கெட் பக்கம் ஒரு திருகு, அது கேமின் சாய்வை மாற்றுகிறது. மேத்யூஸின் புதிய வில்லில் லிம்பையே பக்கவாட்டில் தள்ளலாம். சோதனைக்கு விரித்த காகிதத்தை அம்பு நேராகத் துளைக்காமல் இடப்பக்கம் கிழித்தால் முன்பெல்லாம் ஒரு நாள் வேலை. இப்போது ஓர் ஆலன் சாவியும் ஐந்து நிமிடமும் போதும். (காம்பவுண்ட் வில்லுக்கு 1969-இல் காப்புரிமை பெற்றவர் பெயரும் ஆலன்தான், ஹோலஸ் வில்பர் ஆலன். சாவிக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை.)

அருமையான வேலைதான், மறுக்கவில்லை. ஹோய்ட்டில் கைப்பிடி உள்ள நடுப்பகுதியான கார்பன் ரைசர் குளிர்காலையில் கையைச் சில்லிட வைப்பதில்லை. எலைட்டில் இழுப்பின் கடைசியில் சுவரில் முட்டியதுபோல உறுதி. முழு இழுப்பில் பாரம் குறையும் அளவான லெட்-ஆஃப் 85 சதவீதம் என்றால் என் 60 பவுண்டில் கையில் நிற்பது 9 பவுண்டுதான். விலங்கு திரும்பும்வரை தோள் நடுங்காமல் காத்திருக்கலாம். எதில் அம்பு விட்டாலும் என் பழைய வில்லைவிடச் சத்தமும் அதிர்வும் குறைவு.

வேகத்தைப் பற்றி ஒரே வார்த்தை: அட்டையில் போட்டிருக்கும் விநாடிக்கு 340 அடி உனக்குக் கிடைக்காது. அந்த எண் 70 பவுண்டு, 30 அங்குலம், 350 கிரெய்ன் (சுமார் 23 கிராம்) எடையுள்ள அம்பு என்ற கணக்கில் வருவது. என் அளவுக்கு, 420 கிரெய்ன் வேட்டை அம்போடு, விநாடிக்கு 270 அடியை ஒட்டி வந்தாலே பெரிது. ஐந்து அடி வித்தியாசத்துக்காக இரண்டு வில்லை எடைபோடாதே.

ஆனால் பீப்? கேமை நகர்த்தத் திருகு வைத்தார்கள், லிம்பைத் தள்ள வழி செய்தார்கள். நாண் நடுவில் உட்கார்ந்திருக்கும் அந்த வளையத்தை நேராக்க மட்டும் இன்றைக்கும் அதே பிரெஸ்தான். நான் இழுத்துப் பார்த்த ஒரு புது வில்லிலும் துளை கால்பங்கு திரும்பித்தான் நின்றது. கடைக்காரர், "புது நாண்தானே சார், நூறு அம்பு விட்டால் படிந்துவிடும்" என்றார். அது உண்மைதான். நாண் இழுபட்டுப் படிய அவ்வளவு ஆகும். ஆனால் இதே வாக்கியத்தை ஆறு வருடத்துக்கு முன்பும் கேட்டிருக்கிறேன்.

அதனால் என் பதில் இது. இழுத்துப் பார்த்ததில் கைக்குப் பிடித்தது எலைட், ட்யூனிங்கில் மனதுக்குப் பிடித்தது பௌடெக். இரண்டையும் வாங்காதே. ஒரு பிரெஸ் வாங்கு, உன் பழைய வில்லையே வைத்துக்கொள். இப்படிச் சொல்ல ஒரு காரணம் உண்டு. நேற்று சாயங்காலம் புது நாணில் நூறாவது அம்பை விட்டேன். கடைசி இருபதில் ஒரு தடவைகூடப் பீப் திரும்பவில்லை. முழு நிலவு மாதிரி வட்டமாக நின்றது. போன வாரம் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எதையாவது வாங்கு, இந்தச் சனியனை மட்டும் வேண்டாம் என்றிருப்பேன்.

எதற்கும் முன்பணம் கட்டிவிடாதே. நாளைக் காலை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.