பதினாறு வகையா, ஆறு எழுத்தா, கைரேகையா?

அக்கா மகள் பிளஸ் டூ முடித்த மே மாதத்தில் வீட்டுக்குள் மூன்று கட்சி இருந்தது. அக்காவுக்கு நர்சிங். மாமாவுக்கு இன்ஜினியரிங், எந்தப் பிரிவானாலும் சரி. பயாலஜியும் மேத்ஸும் சேர்ந்த குரூப் என்பதால் அவளுக்கு இரண்டு பக்கமும் கதவு திறந்திருந்தது. அதனாலேயே எப்போது கேட்டாலும் "தெரியல சித்தி" என்ற ஒரே பதில். கடைசியில் டெஸ்ட் எழுதிப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. மூன்று எழுதினாள். நான்காவதை நான் எழுதவிடவில்லை.

முதலாவதை, ஆட்களைக் குணப்படி பதினாறு வகையாகப் பிரித்து நான்கெழுத்துப் பெயர் தரும் டெஸ்ட்டை, மார்ச்சிலேயே பொதுத்தேர்வுக்கு நடுவில் தோழிகளோடு எழுதியிருந்தாள். ஐ.என்.எஃப்.பி. என்று வந்தது. இன்ஸ்டாகிராம் பயோவிலும் போட்டுக்கொண்டாள். மே மாதம் மதுரையில் ஒரு கல்யாணம். ஐந்து நாள் சொந்தக்காரப் பிள்ளைகளோடு ஒரே கும்மாளம். திரும்பி வந்து மறுபடி எழுதியதில் இ.என்.எஃப்.பி. ஒதுங்கியிருப்பவள் இரண்டு மாதத்துக்குள் கலகலப்பானவளாகிவிட்டாள்!

இது அவள் தப்பு இல்லை. நெட்டில் கிடைக்கும் இலவச டெஸ்ட்கள் பலவும் இந்தப் பதினாறு வகைக்கு அசலான மையர்ஸ்-பிரிக்ஸ் டெஸ்ட் கிடையாது, அதன் எழுத்துகளைக் கடன் வாங்கியவை. அசலுக்கே இந்தக் குறை உண்டு. மனிதர்களில் பெரும்பாலானோர் முழுக்கக் கூச்சக்காரர்களும் இல்லை, முழுக்கக் கலகலப்பானவர்களும் இல்லை, நடுவில்தான் நிற்கிறார்கள். இந்த டெஸ்ட் கோடு கிழிப்பதும் அதே நடுவில்தான். 34 எடுத்தால் ஃபெயில், 35 எடுத்தால் பாஸ் என்கிற கதை. அதுவும் வகுப்பில் பாதிப் பேர் முப்பத்துச் சொச்சத்தில் இருக்கும்போது. சில வாரம் கழித்து எழுதினால் எழுத்து மாறிவிடுகிறது என்பது இதன்மேல் நெடுநாளாக உள்ள விமர்சனம்.

இதை உருவாக்கிய இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ் உளவியல் படித்தவர் அல்ல, துப்பறியும் நாவல் எழுதியவர். அவரும் அவருடைய அம்மா கேதரின் பிரிக்ஸும் உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட ஆளுமை வகைகளை வைத்து இதைக் கட்டினார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் பெண்கள் தொழிற்சாலைக்குப் போகத் தொடங்கியபோது, யாருக்கு எந்த வேலை ஒத்துவரும் என்று பார்ப்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் இன்று அதை நடத்துபவர்களே ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்கிறார்கள். ஆள் எடுக்க உதவாததை வைத்துக் காலேஜ் சீட் எடுக்கலாமா?

வேடிக்கை என்னவென்றால், இதற்குப் போட்டியான முறைக்கும் வேர் அதே போரில்தான். அதை உருவாக்கிய உளவியலாளர் ஜான் ஹாலந்து அமெரிக்க ராணுவத்தில் புதிதாகச் சேர வந்தவர்களை நேர்காணல் செய்துகொண்டிருந்தவர். ஆயிரம் பேர் வந்தாலும் அவர்களுடைய வேலைக் கதைகள் சில அச்சுகளுக்குள் அடங்கிவிடுகின்றன என்று அங்கே கவனித்தார். 1959இல் அது கோட்பாடானது. ஆறு அச்சுகள்: கையால் செய்பவர், ஆராய்பவர், கலைஞர், மனிதரோடு பழகுபவர், ஆளை நடத்தி வியாபாரம் செய்பவர், கணக்கும் ஒழுங்கும் பார்ப்பவர். ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து ரியாசெக் என்பார்கள். ஓர் அறுகோணத்தின் மூலைகளில் இவற்றை வைத்தார். பக்கத்து மூலைகள் ஒன்றுக்கொன்று நெருக்கம், எதிர் மூலைகள் தூரம். கையால் செய்பவருக்கு எதிரில் மனிதரோடு பழகுபவர் இருக்கிறார்.

எனக்கு இதில் பிடித்தது, இது 'நீ யார்' என்று கேட்பதில்லை. 'இந்த வேலையைச் செய்யப் பிடிக்குமா' என்று கேட்கிறது. அவள் இரண்டாவதாக எழுதியது இந்த முறையில் அமைந்த டெஸ்ட்டைத்தான். அமெரிக்கத் தொழிலாளர் துறை இலவசமாகத் தரும் அந்த ஓ-நெட் ஆர்வச் சோதனையில் 60 கேள்வி. சமையலறை அலமாரி செய்வது, செங்கலோ டைல்ஸோ பதிப்பது, புது மருந்து கண்டுபிடிப்பது, இசைக்கருவி வாசிப்பது, கடையை நடத்துவது என்று வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் ரொம்பப் பிடிக்கும் என்பதிலிருந்து துளியும் பிடிக்காது என்பது வரை ஐந்து பதில். படிப்பு இருக்கிறதா, சம்பளம் எவ்வளவு என்பதையெல்லாம் யோசிக்காமல் பதில் சொல்லுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். மாமா நாற்காலிக்குப் பின்னால் நின்று, "இதுக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். டீ குடிக்கச் சொல்லி அனுப்பிவைத்தேன்.

மனிதரோடு பழகுவதில் 40க்கு 33, ஆராய்வதில் 29, கைவேலையில் வெறும் 11 வந்தது. கைவேலை எண்ணைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம். எங்கள் வீட்டு மிக்ஸி நின்றுபோனால் ஸ்க்ரூ டிரைவரோடு உட்காருவது அவள்தான். அயர்ன்பாக்ஸ் பிளக்கை மாற்றியதும் அவள்தான். ஆனால் 'வீட்டுச் சாமான்களைப் பழுது பார்ப்பது' என்ற கேள்விக்குப் பிடிக்காது என்று போட்டிருந்தாள். ஏன்டி என்றால், "அது கடைக்காரர் வேலைதானே சித்தி" என்கிறாள். செங்கல் கேள்விக்கும் இதே கதைதான். பிடிக்கவில்லை என்பதற்கும், நம் வீட்டில் அதைச் செய்வார்களா என்பதற்கும் நடுவில் எத்தனை சாதி, எத்தனை கௌரவம் உட்கார்ந்திருக்கிறது என்று அந்தப் பேப்பருக்குத் தெரியாது.

இது நம் ஊர்க் கோளாறு மட்டும் இல்லை. ஆர்வச் சோதனைகளில் மூத்தவற்றுள் ஒன்று எட்வர்ட் ஸ்ட்ராங் 1927இல் வெளியிட்டது. ஒரு வேலையில் இருப்பவர்களின் விருப்பங்களோடு நம் விருப்பங்களை ஒப்பிடுவது அதன் வழி. அது 1970கள் வரை ஆணுக்கு ஒரு தாள், பெண்ணுக்கு ஒரு தாள் என்றே இருந்தது. 1974இல்தான் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். எந்த வேலைகளைப் பெண்ணிடம் கேட்பது என்பதே முன்கூட்டி முடிவான சமாசாரம்.

ஒரு வாரம் விட்டு மறுபடி எழுதச் சொன்னேன். கைவேலை 19 ஆனது, மற்றவை பெரிதாக நகரவில்லை. பதினாறு வகையில் எழுத்து மாறினால் ஆளே வேறு ஆகிவிடுகிறாள். இங்கே எந்தக் கேள்வியில் எண் மாறியது என்று விரல் வைத்துப் பேச முடிகிறது. ஹாலந்து முறை மேல் என்று நான் சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

ஆனால் ஓ-நெட் கடைசியில் தரும் வேலைப் பட்டியல் அமெரிக்காவுக்கானது. கிராம நிர்வாக அலுவலர் அதில் கிடையாது, டி.என்.பி.எஸ்.சி. என்ற உலகமே கிடையாது. பிடிப்பது வேறு, வருவது வேறு என்பதும் அதற்குத் தெரியாது. மருந்து கண்டுபிடிக்க ஆசைப்படுகிறவளின் கெமிஸ்ட்ரி மார்க்கை அது கேட்பதில்லை.

மூன்றாவது, ஐந்து பெருங்குணங்கள் எனப்படும் பிக் ஃபைவ். ஆராய்ச்சியாளர்கள் அதிகம் நம்புவது இதைத்தான். பெட்டிக்குள் அடைக்காமல் ஒவ்வொரு குணமும் எவ்வளவு என்று அளவு சொல்கிறது. ஆனால் எந்த வேலை என்ற கேள்விக்கு அதனிடம் நேரடிப் பதில் இல்லை. அந்த ஐந்தில் ஒன்றான, எடுத்த காரியத்தை ஒழுங்காக முடிக்கும் குணம் ஏறக்குறைய எல்லா வேலையிலும் உதவுகிறது என்று 1991இல் பாரிக், மவுன்ட் என்ற இரு ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். இதை எங்கள் பாட்டி டெஸ்ட் இல்லாமலே சொல்லியிருப்பார்.

அப்புறம் அந்த நான்காவது. ஒரு கண்காட்சி ஸ்டாலில் பத்து விரலையும் ஸ்கேன் செய்து, பிள்ளைக்கு எந்தப் படிப்பு என்று கலர் ரிப்போர்ட் தருவதாகச் சொன்னார்கள். டி.எம்.ஐ.டி. என்று பெயர், ஐயாயிரம் ரூபாய். கைரேகை தாயின் வயிற்றிலேயே உருவாகிவிடுவது உண்மை. சில மரபணுக் கோளாறுகளில் உள்ளங்கைக் கோடுகள் வேறுபடுவதும் உண்மை. அதிலிருந்து கட்டைவிரல் சுழியைப் பார்த்து சி.ஏ.வா சிவிலா என்று சொல்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை. தெருமுனைக் கிளி ஜோசியரிடம் காசும் குறைவு, கிளியையும் பார்க்கலாம்.

இதையெல்லாம் பிளஸ் டூ முடித்த பிறகு செய்ததுதான் எங்கள் தப்பு. நம் ஊரில் பெரிய கதவு மூடுவது பத்தாவது முடித்துக் குரூப் எடுக்கும்போது. கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்த பிள்ளைக்கு, மனிதரோடு பழகுவதும் ஆராய்வதும் உச்சத்தில் வந்து, பொருந்தும் வேலை பிசியோதெரபி என்று இரண்டு வருடம் கழித்துத் தெரிந்து என்ன செய்ய? இவளுக்குப் பயாலஜி இருந்ததால் தப்பித்தோம்.

பிசியோதெரபிதான் அவளுடைய பட்டியலிலும் மேலே வந்தது. தெரிந்தவர் கிளினிக்கில் இரண்டு நாள் உட்காரவைத்தோம். முட்டி ஆபரேஷன் ஆன ஒரு தாத்தாவின் காலை மடக்கி நீட்ட உதவிவிட்டு வந்தவள், அன்று ராத்திரி அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.

இப்போது அவள் தம்பி பத்தாவது. போன ஞாயிற்றுக்கிழமை அறுபது கேள்வியையும் அரை மணி நேரத்தில் முடித்தான். டைல்ஸ் கேள்விக்கு 'ரொம்பப் பிடிக்கும்' என்று போட்டிருக்கிறான். என் அக்கா இன்னும் அதைப் பார்க்கவில்லை.