நாகர்கோவிலில் ஸ்கூட்டர் பேட்டரியைப் பிரித்துச் சரிசெய்யும் பட்டறை: போகலாமா?

தாராளமாகப் போகலாம். ஆனால் உங்கள் வண்டியின் பேட்டரி திறக்கக்கூடிய வகையா என்று முதலில் தெரிந்துகொண்டு போங்கள்.

என் மின்சார ஸ்கூட்டர் வாங்கிய புதிதில் மார்த்தாண்டம் போய்த் திரும்பியும் சார்ஜ் மிச்சம் இருக்கும். பிறகு திரும்பி வரும்போது வில்லுக்குறி தாண்டுவதற்குள் திணற ஆரம்பித்தது. ஷோரூமில் பேட்டரி முழுவதையும் மாற்றச் சொன்னார்கள், வேறு வழியே இல்லையாம். இந்தப் பட்டறைக்காரர் பேட்டரி பேக்கைத் திறந்து ஒவ்வொரு செல் வரிசைக்கும் தனித்தனியாக வோல்டேஜ் பார்த்தார். தொடராக இருந்த 14 வரிசைகளில் ஒன்றுதான் சோர்ந்து போயிருந்தது. அந்த ஒன்று காலியானதும் பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணித்துக் காக்கும் எலக்ட்ரானிக் போர்டு) மொத்த பேக்கையும் நிறுத்திவிடும், மற்ற 13-இல் சார்ஜ் இருந்தாலும் நமக்குக் கிடைக்காது. ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரம், பாதியானது அதனால்தான்.

பழைய செல்களின் கொள்ளளவுக்கு ஒத்த செல்களைத் தேடிப் போட்டு, நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்து, முழுக்க டிஸ்சார்ஜ் செய்து பார்த்த அளவையும் எழுதிக் கொடுத்தார். புது பேட்டரி விலையில் கால்வாசிகூட ஆகவில்லை. என் பேக் ஸ்க்ரூ போட்ட இரண்டு மாட்யூலாக (தனியாகக் கழற்றக்கூடிய பகுதிகளாக) இருந்ததால்தான் இது நடந்தது. உள்ளே பசையும் ஃபோமும் ஊற்றி இறுக்கிய பேக்குகளை அவர் தொடுவதே இல்லை. புது வண்டி வாங்கப் போகிறவர்கள் டச் ஸ்க்ரீனைப் பார்த்து மயங்காமல், பேட்டரியை மாட்யூல் மாட்யூலாக மாற்ற முடியுமா என்று கேளுங்கள். நான் இனி வாங்கினால் அந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகுதான் பணம் கட்டுவேன்.

சீட்டுக்கு அடியில் இன்னொரு பேட்டரி வைத்துத் தர முடியுமா என்றும் கேட்டேன். "அண்ணே, அது வேண்டாம்" என்று ஒரே பேச்சில் மறுத்துவிட்டார். வோல்டேஜ் ஒத்துப்போகாத இரண்டு பேக்கை நேரடியாக இணைத்தால் நிறைந்ததிலிருந்து குறைந்ததற்குக் கரண்ட் கட்டுப்பாடில்லாமல் பாயும், வயர் உருகும், தீப்பிடிக்கவும் செய்யும். இரட்டை பேட்டரியோடு வடிவமைத்த வண்டிகளில் அதைக் கட்டுப்படுத்த எலக்ட்ரானிக்ஸ் இருக்கிறது. வெளியில் மாட்டினால் இன்சூரன்ஸிலும் சிக்கல் வரலாம். கிடைக்கிற வேலையை வேண்டாம் என்று சொன்ன இந்த நேர்மைக்காகவே இதை எழுதுகிறேன்.

ரேஞ்சுக்கு அவர் சொன்னது டயரில் காற்றைச் சரியாக வைப்பது, பிரேக் உரசாமல் பார்ப்பது, அப்புறம் வேகம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், அதாவது மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் இருப்பதைவிட 60-இல் இரண்டேகால் மடங்கு. நம்ம ஆரல்வாய்மொழிக் கணவாயில் இது நன்றாகத் தெரியும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் பணகுடிக்குப் போகும்போது காற்றே தள்ளிவிடும், திரும்பும்போது முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றுகிற அதே காற்று நெஞ்சில் அறையும். எதிர்க்காற்று 40-இல் வீசினால் நீங்கள் 40-இல் போனாலும் வண்டிக்கு 80-இல் போகிற எதிர்ப்புதான். கம்பெனி சொல்லும் ரேஞ்சை நம்பி அங்கே போகாதீர்கள், திரும்பி வர தனியாகச் சார்ஜ் ஒதுக்குங்கள்.

குறைகளும் உண்டு. சனிக்கிழமை தருகிறேன் என்றால் அடுத்த வாரம் ஆகிறது. பில் கேட்டால்தான் வரும். வாரண்டி வாய்வார்த்தைதான், நான் வற்புறுத்தி எழுதி வாங்கினேன், நீங்களும் வாங்குங்கள். கம்பெனி வாரண்டி மிச்சம் இருக்கும் வண்டி என்றால் பேக்கைத் திறக்கவே விடாதீர்கள், அது போய்விடும்.

குளச்சல், முட்டம் பக்கத்து ஆட்கள் கனெக்டரையும் பார்க்கச் சொல்லுங்கள், உப்புக் காற்றில் பச்சை பூத்துவிடுகிறது. போகும்போது சார்ஜரையும் கொண்டு போங்கள். சார்ஜர் கோளாறைப் பேட்டரிக் கோளாறு என்று நினைத்து வருகிறவர்கள் நிறையப் பேராம், அதைக் காசு வாங்காமல் பார்த்துச் சொல்கிறார்.