ரொக்கமா, கடைக் கூப்பனா, ஊர் நாணயமா: பேரிடர் நிவாரணத்தில் எது கைகொடுக்கும்?

பேரிடருக்குப் பிறகு நிதி திரட்டுவதில்கூட எங்கள் நிவாரணக் குழுவில் பெரிய சிக்கல் வரவில்லை. திரட்டிய பணத்தை எந்த வடிவில் மக்கள் கையில் சேர்ப்பது என்பதில்தான் வாக்குவாதம் முற்றியது. பொருளாகவா, ரொக்கமாகவா, குறிப்பிட்ட கடைகளில் மட்டும் செல்லும் கூப்பனாகவா, இல்லை ஊருக்குள்ளேயே கை மாறிச் சுற்றும் ஊர் நாணயமாகவா? கடைசியில் ஊர் நாணயத்தைத் தேர்ந்தெடுத்தோம். இன்றைக்குக் கேட்டாலும், சில நிபந்தனைகளோடு, அதையே சொல்வேன்.

பொருள் கொடுப்பதைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. கடைகளே திறக்காத முதல் சில நாட்களுக்கு உணவும் குடிநீரும் போர்வையும்தான் வேண்டும், அதில் இரண்டு கருத்து கிடையாது. ஆனால் கடைகள் திறந்த பிறகும் லாரி லாரியாக வந்து இறங்கினால், கஷ்டப்பட்டு ஷட்டரைத் தூக்கிய கடைக்காரரின் வியாபாரம் படுத்துவிடும். வாங்கியவர்களும் வேண்டாததைப் பாதி விலைக்கு விற்றுத்தான் வேண்டியதை வாங்குவார்கள்.

ரொக்கம் நிஜமான போட்டியாளர். கூரை ஒழுகுகிறவருக்குத் தகரம் வேண்டும், பக்கத்து வீட்டுக்காரருக்கு மருந்து வேண்டும், இன்னொருவருக்குப் பழைய கடனை அடைக்க வேண்டும். எது முதலில் என்பது அவரவருக்குத்தான் தெரியும். ரொக்கம் கொடுத்தால் குடித்தே தீர்த்துவிடுவார்கள் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. பல நாட்டு அனுபவமும் அதை ஆதரிக்கவில்லை. ரொக்கத்தில் எனக்கு இருக்கும் ஒரே குறை, அது ஊரில் தங்காது என்பது. காலையில் கைக்கு வந்த பணம் மாலைக்குள் பெரிய சந்தைக்கோ வெளியூர் மொத்தக் கடைக்கோ போய்விடும். ஊரில் தச்சரும் இருப்பார், தையல்காரரும் இருப்பார், செய்ய வேண்டிய வேலையும் குவிந்து கிடக்கும். வேலைக்குக் கூலி கொடுக்கத்தான் யார் கையிலும் பணம் இருக்காது.

கடைக் கூப்பனில் கணக்கு சுத்தமாக இருக்கும். ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் 2016 முதல் ஜோர்டானின் அகதி முகாம்களில் இதை எங்கோ கொண்டுபோய்விட்டது. கடையில் கருவிழியை ஸ்கேன் செய்தாலே போதும், கணக்கிலிருந்து தொகை கழிந்தது. நன்கொடை கொடுத்தவருக்குத் திருப்தி, தணிக்கை செய்பவருக்கும் திருப்தி. ஆனால் இத்தகைய கூப்பன் ஒரே ஒரு கைதான் மாறும். வாங்கியவரிடமிருந்து கடைக்காரருக்கு, அங்கிருந்து நேராக நிறுவனத்துக்கு, அத்தோடு அதன் வேலை முடிந்தது. பட்டியலில் இல்லாத சின்ன வியாபாரிக்கு அதனால் ஒரு பைசா பயனில்லை.

ஊர் நாணயம் வேறுபடுவது இங்கேதான். அதுவும் ஒரு கூப்பன்தான், ஆனால் கை மாறிக்கொண்டே இருக்கும். 100 மதிப்புள்ள கூப்பனைக் குடும்பம் தச்சரிடம் கொடுத்துக் கதவைச் சரிசெய்கிறது. தச்சர் அதைக் காய்கறிக் கடையில் கொடுக்கிறார். காய்கறிக்காரர் தையல் கூலியாகக் கொடுக்கிறார். அதே 100, மூன்று பேருக்கு வருமானமாகிவிட்டது. நாங்கள் அச்சடித்த கூப்பனின் பின்பக்கத்தில், வாங்குகிறவர் தேதியும் கையெழுத்தும் போடச் சின்னக் கட்டங்கள் விட்டிருந்தோம். திரும்பி வந்தவற்றுள் சிலவற்றில் கட்டங்கள் நிரம்பி, ஓரங்களில் குறுக்கே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களின் பெருவிரல் ரேகையும் நடுவில் இருந்தது. எந்த அறிக்கையைவிடவும் அந்தத் தாள்கள்தான் என்னை நம்ப வைத்தன.

கென்யாவில் இதைப் பெரிய அளவில் செய்திருக்கிறார்கள். கிராஸ்ரூட்ஸ் எகனாமிக்ஸ் என்ற அமைப்பு நடத்தும் சராஃபு என்ற சமூக நாணயம், இணையம் இல்லாத சாதாரண போனிலேயே இயங்கும். 2020-இல் கொரோனா காலத்தில் கென்ய செஞ்சிலுவைச் சங்கமும் கைகோத்து நைரோபியின் முகுரு குடியிருப்புகளில் பரவலாக்கியது. 2021 நடுப்பகுதிவரையான பதிவுகளில் ஏறத்தாழ 40,000 கணக்குகள் இருக்கின்றன. பிரேசிலின் மரிக்கா நகராட்சி மும்புக்கா என்ற உள்ளூர் நாணயத்தில் மாதாமாதம் உதவித்தொகை கொடுத்து வந்தது. 2020-இல் அதை 130-இலிருந்து 300 ஆக உயர்த்தியது. அது அந்த ஊருக்குள் மட்டும்தான் செல்லும்.

சரி, இதெல்லாம் நல்லதுதான். ஆனால் இந்தத் திட்டம் நிற்பதும் விழுவதும் ஒரே ஒரு கேள்வியில் இருக்கிறது: கூப்பன் கடைசியாக யார் கையில் மாட்டுகிறது, அவர் அதை எப்படிக் காசாக்குவார்?

மளிகைக் கடைக்காரரை நினைத்துப் பாருங்கள். ஊரில் எல்லாருடைய கூப்பனும் சுற்றிச் சுற்றிக் கடைசியில் அவர் கல்லாவில்தான் வந்து விழும். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருப்பார். ஆனால் அவர் சரக்கு எடுக்கும் மொத்த வியாபாரி வெளியூர்க்காரர். அவருக்கு ரொக்கம்தான் வேண்டும். காசாக்க இரண்டு வாரம் ஆகும் என்று சொல்லிப் பாருங்கள். முதலில் கூப்பனுக்கு ஒரு விலை, ரொக்கத்துக்கு ஒரு விலை என்று வைப்பார். அப்புறம் சில்லறை இல்லை என்பார். கடைசியில் வாங்கவே மாட்டார். அவர் நிறுத்தினால் காய்கறிக்காரர் நிறுத்துவார், தச்சரும் நிறுத்துவார்.

இதில் ஓர் இழுபறி உண்டு. காசாக்குவது சுலபமாக இருந்தால் எல்லாரும் உடனே வந்து மாற்றிவிடுவார்கள், சுழற்சியே நடக்காது என்று எங்கள் குழுவிலேயே சிலர் சொன்னார்கள். மாற்றுவதைக் கஷ்டமாக்கினால்தான் கூப்பன் ஊருக்குள் சுற்றும் என்பது அவர்கள் வாதம். நான் பார்த்தது நேர்மாறு. எப்போது போனாலும் முழுப் பணம் கிடைக்கும் என்று உறுதியானால் யாரும் அவசரப்படுவதில்லை. இன்று கிடைக்காது என்று ஒருநாள் சொன்னால் மறுநாள் மொத்தப் பேரும் வரிசையில் நிற்பார்கள்.

அதனால் அச்சடித்த கூப்பனின் மொத்த மதிப்புக்குச் சமமான பணம் தனிக் கணக்கில் கிடக்க வேண்டும், அதில் கைவைக்கவே கூடாது. 1932-இல் ஆஸ்திரியாவின் வோர்கல் ஊர் மந்தநிலையைச் சமாளிக்க வெளியிட்ட சீட்டுகளுக்கும் ஷில்லிங்கில் வைப்பு இருந்தது. மாற்றுகிறவரிடம் 2 சதவீதம் மட்டும் பிடித்துக்கொண்டார்கள். அந்தத் திட்டம் மக்கள் கைவிட்டதால் முடியவில்லை, 1933-இல் மத்திய வங்கி தடுத்து முடித்தது. அர்ஜென்டினாவின் பண்டமாற்று மன்றங்கள் 2002-இல் சரிந்த கதை வேறு. ஆளாளுக்குச் சீட்டு அச்சடித்தார்கள், கள்ளச் சீட்டும் கலந்தது, பின்னால் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை. 2020-இல் அமெரிக்காவின் டெனினோ என்ற சிற்றூர் மெல்லிய மரத்தகட்டில் 25 டாலர் சீட்டுகளை அச்சடித்துக் கொரோனா நிவாரணமாகக் கொடுத்தது. வாங்கிய கடைகளுக்கு நகராட்சியே டாலர் கொடுத்தது. ஊர் சிறிதுதான், ஆனால் கடைக்காரருக்குக் கவலை இல்லை.

காலாவதித் தேதியும் இதே விஷயம்தான். ஒரே ஒரு தேதி போட்டால், கடைசி வாரத்தில் கூப்பனை வாங்குகிறவர் தலையில் நஷ்டம் விடியும், அதனால் அந்த வாரம் யாரும் வாங்க மாட்டார்கள். இரண்டு தேதி போடுங்கள். பொருள் வாங்க ஒன்று, அதற்கு நன்றாகத் தள்ளி, பணமாக மாற்ற இன்னொன்று. இந்தச் சின்ன மாற்றம் கடைக்காரர்களிடம் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கியது.

எங்கெல்லாம் இதைச் சொல்ல மாட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சரக்கே ஊருக்கு வராத நிலையில் கூப்பனைக் கொட்டினால் விலைதான் ஏறும். ஊரே இடம்பெயர்ந்து முகாம்களில் சிதறிக் கிடந்தால் ரொக்கமே மேல். வெளியூரிலிருந்து வந்து வாடகைக்கு இருக்கும் தொழிலாளிகளை ஊர்ப் பட்டியல் எளிதில் விட்டுவிடும், அவர்களுக்கும் ரொக்கம்தான் பாதுகாப்பு. நான் கையாண்டது காகிதக் கூப்பன், அதுவும் எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த ஓர் ஊரில். போன் வழியாக நகரத்தில் நடத்துவது பற்றி என் சொந்த அனுபவத்திலிருந்து அறுதியிட்டு எதுவும் சொல்ல முடியாது.

சட்டத்தையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். 2013-இல் மொம்பாசாவில் பங்களா-பெசா என்ற கூப்பனைத் தொடங்கியவர்களைக் கள்ளப்பணம் என்று சொல்லிக் கைதே செய்தார்கள். வழக்கு பிறகு கைவிடப்பட்டது, ஆனால் நிவாரணத்தின் நடுவில் அப்படி ஒன்று வந்தால் திட்டம் அங்கேயே நின்றுவிடும். பார்ப்பதற்கு அரசாங்க நோட்டைப் போல எதையும் அச்சடிக்காதீர்கள், உள்ளாட்சியிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். தொலைந்தும் கிழிந்தும் திரும்பி வராத கூப்பன்களுக்கு நேரான பணம் கடைசியில் கணக்கில் மிஞ்சும். அது யாருக்கு, எதற்கு என்பதை முதல் கூப்பன் கொடுப்பதற்கு முன்பே ஊரைக் கூட்டி முடிவு செய்து, எழுதி ஒட்டிவிடுங்கள்.